தீக்குச்சி வைத்து முடுக்கிய கீல்

பிள்ளைகளே, முதலில் கீல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கதவை நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் அதைத் திறக்கவும் மூடவும் விடுகிற இரும்புத் துண்டுக்குப் பேர் கீல். உங்கள் வீட்டுக் கதவின் ஓரத்தில் பாருங்கள், மூன்று இருக்கும். பீரோவில் இருக்கும். மூக்குக் கண்ணாடியின் காதுப் பக்கத்தில் கடுகளவுக்கு ஒன்று இருக்கும். லேப்டாப்பிலும் இரண்டு இருக்கின்றன. திரை உள்ள மூடியும், எழுத்துப் பட்டன்கள் உள்ள அடிப்பாகமும் சேருகிற இடத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அந்த இடது பக்கத்துக் கீலைத்தான் நான் சரிசெய்யப் போனேன்.

பெரியவர்கள் கையால் கெட்டுப்போன பொருளுக்குப் பிள்ளைகள் திட்டு வாங்குவது நம் வீடுகளில் நடக்கிறதுதான். என் வீட்டிலும் நடந்தது. நடத்தியவன் நான். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தச்சுவேலை செய்கிறவன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. மந்தைவெளியில் வாடகை வீடு. வேலை பெரும்பாலும் அடையாறு, மயிலாப்பூர் பக்கத்து ஃபிளாட்டுகளில். கதவு போடுவேன், ஜன்னல் உரசினால் இழைத்துக் கொடுப்பேன், சமையலறை அலமாரிகளுக்குத் தானாக மூடிக்கொள்கிற கீல் பொருத்துவேன். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் மயிலாப்பூர் வீடுகளில் சாமி அலமாரி செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். குட்டிக் குட்டி மணிகள் தொங்குகிற அந்தக் கதவுகளை உரசாமல் மாட்டுவதில் எனக்குப் பேர் உண்டு. "இந்த ஆசாரி மாட்டினா கதவு பேசாது" என்று எங்கள் எதிர் ஃபிளாட்டு மாமி நாலு பேரிடம் சொல்வார். அந்தப் பேச்சை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். பி.காம். முடித்தாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கியது அவள்தான் முதல். ஒரு கம்பெனி வேலைக்கு மனுப் போட்டு முதல் சுற்றில் தேறியிருந்தாள். இரண்டாவது சுற்று, வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் எழுதுகிற பரீட்சை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. கேமராவில் முகம் தெரிய உட்கார்ந்து எழுத வேண்டும். போனில் எழுதக் கூடாது. பத்தேகாலுக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். இதையெல்லாம் அவள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். தேறினால் கிண்டியில் வேலை. அந்த ஆபீசுக்கு எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது வரைக்கும் என் மனைவி விசாரித்து வைத்திருந்தாள்.

லேப்டாப் மகளுடையது. காலேஜ் இரண்டாம் வருஷத்தில், வேறு ஒருவர் வைத்திருந்ததை வாங்கிக் கொடுத்தது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதன் இடது மூலை வாய் பிளக்க ஆரம்பித்தது. மூடியைத் தூக்கினால் அந்தப் பக்கத்துச் சட்டம் மட்டும் விட்டுக்கொண்டு வரும். உள்ளே கீல் பல்லைக் காட்டும். திரை நிற்காமல் பின்னால் சாயும். அவள் பின்னால் ஊறுகாய் பாட்டிலை முட்டுக் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "குடு, பாக்கறேன்" என்றேன்.

"வாணாம்ப்பா. ஒவ்வொரு வாட்டி தொறந்தாலும் கொஞ்சம் கிழியுது. இப்ப மூடி வெச்சிட்டு திங்கக்கிழமை ஒரே ஒரு வாட்டி தொறந்துக்கறேன். பரீட்சை முடியட்டும். தி.நகர்ல கடை கீது, அங்க குடுத்துக்கலாம்."

"கீல்தான இது. நான் பாக்காத கீலா?"

"இது உன் கதவு இல்லப்பா. உள்ளார ஒயரெல்லாம் போவுது."

சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "அதான் அவ சொல்றா இல்ல, வுடேன். சும்மா இருந்தா உனுக்குக் கை அரிக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் 'இது உன் கதவு இல்லப்பா' என்றது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊரே என்னைக் கூப்பிட்டுக் கீல் போடச் சொல்கிறது, என் வீட்டில் இருக்கிற கீலைத் தி.நகருக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம்.

மறுநாள் ஞாயிறு. நான் ஆறு மணிப் பூசைக்கே போய் வந்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் எட்டு மணிப் பூசைக்குக் கிளம்பினார்கள். பரீட்சைக்காக மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், சாமியாரிடம் ஒரு ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் லேப்டாப்பை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

கட்டிலில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தேன். ஸ்க்ரூ தொலையாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சில்வர் தட்டு. திரையைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டத்தை ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டை விட்டு நெம்பினேன். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, பொட்டுப் பொட்டென்று கழன்று வந்தது. உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம வேலைதான். கீலின் ஒரு காது, அதாவது தகடு, மூடியோடு மூன்று ஸ்க்ரூவில் நிற்கிறது. அந்த ஸ்க்ரூ பிடிப்பதற்காகப் பிளாஸ்டிக்கில் பாசிமணி அளவுக்குப் பித்தளைத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். அதில் இரண்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. அவ்வளவுதான் கோளாறு. பித்தளை மணிகளை எடுத்துத் தட்டில் போட்டேன். அவற்றை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. கதவில் ஸ்க்ரூ போட்ட ஓட்டை பெரிதாகிவிட்டால், ஸ்க்ரூ சும்மா சுற்றும், பிடிக்காது. அப்போது ஒரு தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் வைத்து, அளவாக ஒடித்துவிட்டு, பழையதைவிடக் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முடுக்குவோம். கல் மாதிரி பிடிக்கும். தச்சுவேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டிலேயே எத்தனையோ இடத்தில் இப்படிச் செய்திருக்கிறேன். சாமி மேடை உடைந்தால், நாற்காலி ஆடினால், மனைவியே தீப்பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

அன்றைக்கும் அதையே செய்தேன். பித்தளை இருந்த இரண்டு இடத்திலும் தீக்குச்சி. சாமி அலமாரிக் கதவுக்குப் போடுகிற குட்டி ஸ்க்ரூக்கள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன், அதிலிருந்து இரண்டு. பழைய ஸ்க்ரூவைவிட அரை நூல் நீளம், தலையும் கொஞ்சம் பெரிது. நூல் என்பது எங்கள் அளவு. ஒரு அங்குலத்தில் எட்டு நூல். அரை நூல் என்றால் ஒன்றுமே இல்லை. கதவில் ஒன்றுமே இல்லை.

கீலின் முனையில் ஒரு நட்டும் இருந்தது. திரை நிற்காமல் சாய்கிறது என்றால் கீல் தளர்ந்துவிட்டது, தளர்ந்தால் முடுக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. இரண்டு சுற்று முடுக்கினேன்.

சட்டத்தைத் திரும்பப் பொருத்தியபோது இடது மூலை மட்டும் கொஞ்சம் எழும்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. அழுத்தி உட்கார வைக்கிற எதுவும் சரியாக உட்காரவில்லை என்பது எனக்குத் தெரியும். கதவு விஷயத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மூடியைப் பாதி தூக்கிப் பார்த்தேன். விட்ட இடத்தில் கெட்டியாக நின்றது. மூடி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அவர்கள் வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. பயத்தால் இல்லை. நாளைக் காலையில் அவளே திறந்து, ஊறுகாய் பாட்டில் இல்லாமல் திரை நிற்பதைப் பார்த்துவிட்டு "அப்பா" என்று கூப்பிடுவாள், நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துவைத்திருந்தேன்.

கூப்பிடத்தான் செய்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு. நான் டீதான் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு சத்தம் கேட்டது. அப்பளத்தை விரலால் உடைத்தால் வருமே, அவ்வளவு சின்னச் சத்தம். அப்புறம் அவள் குரல்.

"அப்பா. அப்பா, இங்க வாயேன்."

போனேன். திரையில் வெளிச்சம் இருந்தது. இடது மூலையிலிருந்து சிலந்திவலை மாதிரி விரிசல். அதைச் சுற்றி மையைக் கொட்டியது போல ஒரு கறுப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு நகர்ந்து நகர்ந்து பாதித் திரையை மூடிவிட்டது. மீதியில் பச்சையும் ஊதாவுமாகக் கோடு.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எந்த ஸ்க்ரூ என்றுகூடத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளே, இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரியாமல் திட்டினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"இன்னா பண்ண நீ?" என்றேன்.

"ஒண்ணும் பண்லப்பா. மெதுவாத்தான் தூக்கினேன். ரொம்ப டைட்டா இருந்திச்சு. எப்பவும் லூசா இருக்கும். கொஞ்சம் அழுத்தித் தூக்கினேன், அவ்ளோதான்."

"ஒரு கையால புடிச்சித் தூக்கினியா, ரெண்டு கையாலயா?"

அவள் யோசித்தாள். "ஒரு கை" என்றாள்.

"அதான். ஒரு பக்கமா இழுத்தா ஒடையாம இன்னா பண்ணும்? கீலு ஏற்கனவே போயிக்கினு கீது, அத்தப் போய் ஒத்தக் கையால புடிச்சி இழுத்துகிற. ஒரு பொருள வெச்சி ஆளத் தெரியாதவ, நீ கம்பெனிக்குப் போய் இன்னா கிழிக்கப் போற?"

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அய்யோ, இன்னாடி இது. இவ்ளோ நாள் பாத்துப் பாத்து வெச்சிக்கினு இருந்தியே, இன்னிக்கா போட்டு ஒடைக்கணும்?"

மகள் சாரிப்பா என்றாள். சாரிம்மா என்றாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எதிர் ஃபிளாட்டுக்கு ஓடினோம். மாமி கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா, கொழந்தைக்கு இன்னிக்குப் போய் இப்படி ஆகணுமா. எங்காத்துல ஒரே ஒரு லேப்டாப்தான் இருக்கு, அதுவும் அவரோட ஆபீஸ்துதாண்டா கண்ணா. வேற யாரும் கை வைக்கப்படாதுன்னு சொல்லிண்டே இருப்பார். அதுல கேமராவை வேற ஒட்டி வெச்சுண்டிருக்கார். இரு, எதுக்கும் கேக்கறேன்." கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. அவர்மேல் தப்பு இல்லை. திரும்பும்போது மாமி என்னைப் பார்த்து, "ஏன் ஆசாரி, நீங்களே ஒரு கை பாத்துக் குடுத்திருக்கலாமே முன்னாடியே" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மகளுடைய சிநேகிதி ஒருத்தி ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள். போன் போட்டாள். "வாடி, தரேன், சீக்கிரம் வா" என்றாள் அந்தப் பெண். அப்போது ஒன்பதரை. மகளை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அடையாறு பாலம் வரைக்கும் ஓடியது. அதற்கு அப்பால் திங்கட்கிழமைக் கூட்டம். மத்திய கைலாஷ் பக்கத்தில் இரண்டு சிக்னலிலும் சிவப்பு விழுந்து நின்றோம். மகள் பின்னாலிருந்து நேரம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பது ஐம்பது. ஒன்பது ஐம்பத்தாறு. பத்து மணி என்று சொன்ன பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். ஹெல்மெட்டுக்குள் எனக்கு அவள் அழுவது கேட்கவில்லை, முதுகில் தெரிந்தது. கிண்டி வரும்போது என் தோளைத் தொட்டு, காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்: "உனுக்கு வேலைக்கு லேட் ஆவுது இல்ல, சாரிப்பா."

அந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். இறக்கி நிற்கவைத்து, 'நீ உடைக்கலம்மா, நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். பரீட்சை எப்படியும் போகிறது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவளுக்குப் பரீட்சை மட்டும்தான் போயிருக்கும். நான் ஹாரன் அடித்தேன். முன்னால் இருந்த ஆட்டோக்காரர் திரும்பி, "பறந்தா போவ சொல்ற?" என்றார். அவரோடு சண்டை போட்டேன்.

ஆதம்பாக்கத்தில் அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பரீட்சை எண், பாஸ்வேர்டு எல்லாம் அடித்தாள். மணி பத்து இருபத்திரண்டு. நேரம் முடிந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

அன்றைக்குச் சாயந்திரம் மகள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். இன்னொரு வாய்ப்புத் தரச் சொல்லி, போனில்தான் அடித்தாள். அனுப்புவதற்கு முன்னால், "சரியா கீதான்னு பாரு" என்று எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். 'என்னுடைய கவனக்குறைவால் லேப்டாப் உடைந்துவிட்டது' என்று ஒரு வரி இருந்தது.

"அத்தப் போடணுமா?" என்றேன்.

"உண்மையச் சொன்னாத்தான் மதிப்பாங்கப்பா."

அனுப்பிவிட்டாள். மறுநாளே பதில் வந்துவிட்டது. வருந்துகிறோம் என்று.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தாள். ஒரு தடவை அவள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் வைத்ததைப் பார்த்தேன். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மனைவி சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "ஒரே ஒரு நிமிசம் பொறுமையா தொறந்திருந்தா..." என்பாள். நான் அதட்டக்கூட இல்லை. இரண்டு நாளும் வேலைக்குப் போனேன். ஒரு வீட்டில் நாலு கதவு மாட்டினேன். நன்றாகவே மாட்டினேன்.

வியாழக்கிழமை லேப்டாப்பைத் தி.நகருக்கு நான் மட்டும் எடுத்துக்கொண்டு போய்வருவதாகச் சொன்னேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். மகள் விடவில்லை. "நானும் வரேன்ப்பா. எப்டித் தொறந்தா ஒடையாதுன்னு கடையில கேட்டுத் தெரிஞ்சிக்கணும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பனகல் பார்க் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அந்தக் கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவர் முழுக்கத் தொங்குகிற திரைகள். ரிப்பேர் செய்கிறவர் முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். சைதாப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து போகிறவராம், போனில் யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார். லேப்டாப்பை வாங்கி, மூடியை ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா நைனா இது, இவ்ளோ டைட்டா கீது. பாட்டில் மூடியா?"

மகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் ஒரு கையால தொறந்துட்டேன். அதனாலதான் ஒடைஞ்சிடுச்சா?"

"ஒரு கையா? நான் ஒத்த விரல்ல தொறக்கறேன். அதுக்கெல்லாம் ஒடையாதும்மா. இரு பாக்கலாம்."

சட்டத்தைக் கழற்றினார். நான் சுவரில் தொங்கியதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த திரையை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்தார். குனிந்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"எம்மா, இங்க பாரேன். இத்த யாரு தொறந்தது? லேப்டாப்னு நெனச்சாரா, ஜன்னல்னு நெனச்சாரா?" இடுக்கியை விட்டு ஸ்க்ரூவைச் சுற்றி எடுத்தார். "பித்தளைய கடாசிட்டு எம்மாம் பெரிய ஸ்க்ரூ போட்டுகிறாரு பாரு. இதோட தல நேரா கண்ணாடிய முட்டிக்கினு நிக்குது. மொத வாட்டி முழுசா தொறந்தா டப்புனு போயிடும். நீ தொறந்தா இன்னா, உங்க தெரு எம்.எல்.ஏ. தொறந்தா இன்னா." இன்னும் கொஞ்சம் கிளறினார். "அட, இன்னா இது? குச்சி."

வெளியே எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தார். பசை காய்ந்து பழுப்பாகிப்போன தீக்குச்சித் துண்டு. அரை அங்குலம்கூட இருக்காது.

"கீல் டைட்டாயிதான் பிளாஸ்டிக்க புட்டுக்கினு வந்துகீது. நட்ட லூஸ் பண்ணி, அந்தப் பித்தளைய அதே எடத்துல வெச்சி ஒட்டணும். பத்து நிமிச வேல. யாரோ தலகீழா பண்ணிகிறாங்க, இன்னும் ரெண்டு சுத்து முடுக்கி வெச்சிட்டு. பழைய ஓனரா நைனா?"

மகள் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தீக்குச்சியை யார் இப்படி ஒடிப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

"ஆமாக்கா," என்றாள். "பழைய ஓனரா இருக்கும்."

புதுத் திரை வர நாலு நாள் ஆகும் என்றார். பேர் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினோம். அன்றைக்கு வண்டி இல்லை, பஸ்ஸில்தான் வந்திருந்தோம். பஸ்ஸில் கூட்டம். அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. மந்தைவெளியில் இறங்கியதும் நான் ஆரம்பித்தேன். "உனுக்கு நல்லதுன்னு நெனச்சிதான்..." என்றேன்.

அவள் நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நீ தொட்டது தப்புன்னு நான் சொல்லலப்பா. ஒடைஞ்சதுகூட வுடு. நாலு நாளா நான் அழுதுக்கினு இருந்தேன், நீ பாத்துக்கினு இருந்த. அந்த லெட்டர படிச்சிக் காட்டினேன், அப்பகூட கேட்டுக்கினு இருந்த."

நான் அவள் பக்கத்தில் ஒரு அடி வைத்தேன். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாகப் போனது. அதற்கப்புறமும் ஒரு மாசத்துக்கு மேல், வீட்டில் ஏதாவது பேச்சு வந்தால் மனைவி, "அன்னிக்கு நீ மட்டும் ஒடைக்காம இருந்தா இன்னேரம் கிண்டியில ஒக்காந்துகினு இருப்ப" என்பாள். மகள் கேட்டுக்கொண்டு தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாள். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன். அவளுக்கு என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவள் எனக்காக வைத்துக்கொண்டிருக்கிறாளா, அல்லது நானே சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இடையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதாவது, செய்த தப்பைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. 'பொய் சொன்னேன் சாமி, அதனால ஒரு பிள்ளை மேல பழி விழுந்தது' என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். பெஞ்சில் முழங்கால் போட்டுச் சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சாமியாரைக் குறை சொல்லவில்லை, அவர் மன்னிக்க வேண்டியதை மன்னித்தார். ஆனால் அந்தத் திட்டை வாங்கியது அவர் இல்லை.

கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மனைவி மறுபடியும் அதே பேச்சை எடுத்தபோது, "அத்த ஒடைச்சது நான்" என்று சொல்லிவிட்டேன். தீக்குச்சி வரைக்கும் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"உனுக்குத் தெரியுமா?" என்று மகளிடம் கேட்டாள்.

"ம்."

மனைவி கையிலிருந்த குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் என்னிடம், "இத்தன நாளு என் வாயால என் பொண்ண பேச வெச்சி வேடிக்கை பாத்துக்கினு இருந்தியே" என்றாள். மகள் எழுந்து போய்க் கை கழுவினாள். அவள் முகம் தெளியும் என்று நான் நினைத்திருந்தேன். நான் சொல்வதற்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்றால், அந்தக் காத்திருப்பு அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது.

இப்போது அவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பி.காம். படித்தவள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடுகிறாள். வேறு கம்பெனிகளுக்கும் எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வீட்டில் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்பாள், மழை வருது குடை எடுத்துக்கினு போ என்பாள். ஆனால் அவளுடைய எந்தப் பொருள் கெட்டாலும் அது எனக்குத் தெரிவதற்குள் வீட்டைவிட்டு வெளியே போய்ச் சரியாகித் திரும்பி வந்துவிடுகிறது.

போன மாசம் நான் அடையாறில் ஒரு வீட்டில் வேலையாக இருந்தபோது போன் வந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிற இன்னொரு தச்சர். பல வருஷப் பழக்கம்.

"இன்னா மாமா, உங்க வூட்லேந்தே என்ன கூப்டுறாங்க? பொண்ணு வந்துச்சு. அதோட பீரோ கதவு தொங்குதாம், வந்து கீலு மாத்திக் குடுன்னு சொல்லுது. நீ ஊர்ல கீறியா, இல்லியா?"

"எனுக்கு நேரம் இல்லப்பா," என்றேன். "நான்தான் உன்னக் கூப்பிடச் சொன்னேன். நீயே போட்டுடு."

சாயந்திரம் வந்து பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தார்.